கிட் மாற்றிய பிறகும் சரிப்படாத ஏர் ரைபிள்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ஏர் ரைபிளின் சக்தி குறைந்தால் முதலில் ஸ்பிரிங் மீதுதான் பழி விழுகிறது. உடனே ஸ்பிரிங், பிஸ்டன் சீல் (பிஸ்டனின் முன்முனையில் காற்று கசியாமல் அடைப்பது), ஸ்பிரிங் கைடு (ஸ்பிரிங்குக்குள் நுழைந்து அதை நேராக வைப்பது), ஓ-ரிங் எல்லாம் அடங்கிய கிட் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகும் பெல்லட் தகரத்தைத் துளைப்பதில்லை, அல்லது புகை கக்குகிறது, அல்லது குறி கண்டபடி சிதறுகிறது. பெரும்பாலும் கோளாறு ஸ்பிரிங்கில் இருப்பதில்லை. தளர்ந்த ஸ்குரு, நசுங்கிப்போன வாஷர், அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெய், இவற்றில்தான் இருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, ஸ்பிரிங்கைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

இங்கே சொல்வதெல்லாம் குழலை மடக்கி ஏற்றும் .177, அதாவது 4.5 மி.மீ., ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு. காற்றுத் தொட்டி வைத்த பி.சி.பி. வகைக்கு இது பொருந்தாது. 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் .177-க்கு மேல் போகாமலும் முன்வாய்ச் சக்தி, அதாவது பெல்லட் குழலை விட்டு வெளியேறும்போது உள்ள ஆற்றல், 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கும்வரை இந்தியாவில் உரிமம் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்ட வைக்கும் எந்த மாற்றமும் பழுது நீக்குவதில் சேராது.

## கை வைப்பதற்கு முன்

குழலை மெதுவாக மடக்கிப் பின்வாயில், அதாவது பெல்லட் போடும் முனையில், பெல்லட் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இருந்தால், ஒரு பெல்லட்டைப் போட்டு, பாதுகாப்பான தடுப்பில் சுட்டு இறக்கிவிடுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது. பெல்லட்டின் எதிர்ப்பு இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தைபோல நின்று அதைத் தடுக்கும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகச் சிலிண்டரின் முன்சுவரில் மோதும். சீல் கிழிவதும் ஸ்பிரிங் முறிவதும் இதில்தான்.

குழல் மடங்கியிருக்கும்போது ஒரு கையால் குழலை இறுகப் பிடித்துக்கொண்டே பெல்லட் போடுங்கள். ஏற்றிய பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி நழுவினால் குழல் கத்திரிபோல மூடிக்கொள்ளும், விரல் போய்விடும். கண்ணாடி அணிவதும், ஈயப் பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் எல்லா வேலைக்கும் பொது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: சக்தி குறைந்துவிட்டது

முதலில் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி இருந்தால் 10 முறை சுட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெல்லட் எடையைக் கிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 175 மீட்டர் போனால் சுமார் 8.1 ஜூல். சராசரியைவிடச் சிதறல் முக்கியம். நல்ல நிலையில் உள்ள ரைபிளில் பத்து வேகங்களுக்கும் இடையிலான வித்தியாசம் வினாடிக்கு 5 மீட்டருக்குள் அடங்கும். 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது எண்ணெய் எரிகிறது.

கருவி இல்லாதவர்கள் ஒரு சலவை சோப்புக் கட்டியை 5 மீட்டர் தூரத்தில், பின்னால் நல்ல தடுப்போடு வைத்துச் சுட்டு, ஈர்க்குச்சியை நுழைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே கட்டி, அதே பெல்லட், அதே தூரம். ஜூல் கணக்கு இதில் வராது என்றாலும் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும்.

### பெல்லட் உள்ளே தொளதொளவென்று போகிறதா?

விரலால் அழுத்தாமலே பெல்லட் உள்ளே விழுந்துவிட்டால் அதன் பாவாடை (பின்பக்கம் விரிந்த விளிம்பு) குழலை அடைக்கவில்லை. காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், பிஸ்டனும் முன்சுவரில் கடினமாக மோதும். லேசாக அழுத்தி உட்கார வைக்கும்படியான வேறு பெல்லட்டைப் போட்டுப் பாருங்கள். 0.45 முதல் 0.55 கிராம் வரை மூன்று வகை போதும். டப்பாவிலேயே பாவாடை நசுங்கியிருப்பதும் உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும்.

### மூட்டில் காற்று கசிகிறதா?

மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் விரலகலத் துண்டு ஒன்றைக் கிழித்து, குழல் சிலிண்டரோடு சேரும் மூட்டின் மேல் போடுங்கள். கையை எடுத்துவிட்டு, தடுப்பை நோக்கிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் கசிவு. பக்கவாட்டிலும் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம்.

கசிந்தால் பின்வாயைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கை, அல்லது பழைய ரைபிளானால் தோல் வாஷரைப் பாருங்கள். அது உலோகப் பரப்பைவிட 0.1 முதல் 0.25 மி.மீ. வரை உயர்ந்து நிற்க வேண்டும். நசுங்கிச் சமமாகிவிட்டால் முதலில் அடியில் ஒரு மெல்லிய வளையம் வைத்துத் தூக்கிப் பாருங்கள். பால் கவர் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டினாலே போதும். பலன் தெரிந்தால் புது ஓ-ரிங் வாங்கலாம். பள்ளத்தின் உள்விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் அளந்துகொண்டு ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைக்குப் போனால் கிடைக்கும். நைட்ரைல் ரப்பராகக் கேளுங்கள்.

ஓ-ரிங்கை அளவுக்கு மேல் உயர்த்திவிடக் கூடாது. குழல் முழுசாக மூடாமல் ஒரு மயிரிழை கீழே தொங்கும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். கசிவு நின்றாலும் குறி மேலும் கீழுமாக ஓடத் தொடங்கும்.

### தோல் சீல் காய்ந்துவிட்டதா?

பல ஆண்டுகள் பரணில் கிடந்த பழைய ரைபிளில் தோல் சீலாக இருந்தால், சிலிண்டர் முன்சுவரிலுள்ள காற்றுத் துளை வழியாக சிலிக்கான் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டு, முன்வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். எண்ணெய் இறங்கித் தோலை ஊற வைக்கும். பாலிமர் சீலுக்கு இது தேவையில்லை. தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் அந்தத் துளைக்குள் விடாதீர்கள். ஏன் என்று அடுத்த அறிகுறியில் வருகிறது.

### கிட் மாற்றிய உடனே சக்தி குறைந்ததா?

இதுதான் மனம் நொந்துபோகும் இடம். காரணம் அநேகமாக ஒன்றே. புது சீலை உள்ளே தள்ளும்போது, சிலிண்டரின் அடியில் உள்ள நீண்ட பிளவின் கூர்விளிம்பு சீலின் உதட்டைச் சீவிவிட்டது. பிஸ்டனை வெளியே எடுத்து, சீலின் விளிம்பை விரல் நகத்தால் சுற்றித் தடவுங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்த இடத்தில் பிறை வடிவில் ஒரு சீவல் இருக்கும். ஒட்ட முடியாது, புது சீல்தான்.

அடுத்த சீலைப் போடுமுன் பிளவின் விளிம்புகளை 400 நம்பர் எமரித் தாளால் மழுக்கி, சிலிண்டருக்குள் விழுந்த இரும்புத் தூளைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் அல்லது தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிப் பிளவை உள்ளிருந்து மறைத்து, அதன் மேல் சீலை வழுக்கி அனுப்பி, பிறகு தாளை உருவிவிடுங்கள்.

ஸ்பிரிங் போடுவதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு, இதைத் தவிர்க்கவே கூடாது. பிஸ்டனும் சீலும் மட்டும் உள்ளே இருக்கும்போது, காற்றுத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை முன்னே தள்ளுங்கள். சைக்கிள் பம்பின் வாயை அடைத்தது போலத் திருப்பித் தள்ள வேண்டும். சப்பென்று போய்விட்டால் சீல் சிறியது, அல்லது வெட்டுப்பட்டது. விரலை எடுத்த பிறகும் நகர மறுத்தால் சீல் பெரியது. சீலைப் பிஸ்டனில் உட்கார வைத்து, 600 நம்பர் எமரியில் சுற்றிலும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறையுங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போனால் சரியான அளவு.

### கடைசியாக ஸ்பிரிங்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் சக்தி வரவில்லையென்றால் மட்டும் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். மடக்கும்போது வழக்கத்தைவிட லேசாக இருப்பது, நடுவில் ஒரு குலுக்கலோடு நொறுநொறுவென்று வருவது, இரண்டும் முறிவின் அடையாளம். முறிந்த ஸ்பிரிங்கோடும் ரைபிள் சுடும் என்பதால் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது. துள்ளித் துள்ளி உருண்டால் வளைந்துவிட்டது. ஏற்றிய நிலையிலேயே மணிக்கணக்கில் வைத்திருந்தவர்களின் ஸ்பிரிங் குட்டையாகியிருக்கும்.

அதே நீளம், அதே கம்பித் தடிமன் உள்ளதையே வாங்குங்கள். "ஹெவி" ஸ்பிரிங் என்று விற்பதை வாங்காதீர்கள். பிஸ்டன் காற்று மெத்தையில் மோதித் திரும்பித் துள்ளும், வேகம் பெரிதாகக் கூடாது, உதைப்பு மட்டும் கூடும், ஸ்கோப் உடையும், 20 ஜூல் எல்லையும் உங்கள் கையில் இருக்காது.

## பிரிக்க வேண்டி வந்தால்

ஓய்வு நிலையிலும் ஸ்பிரிங் பல சென்டிமீட்டர் அழுந்தித்தான் இருக்கிறது. பின்மூடியின் ஆணியைத் தட்டியவுடன் அது மூடியோடு மார்பை நோக்கி வரும். வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பிரிப்பது, கதவு இடுக்கில் வைத்துப் பிரிப்பது இரண்டும் வேண்டாம். தச்சு வேலைக்கான நீளமான பார் கிளாம்ப் ஒன்று, அல்லது மரப்பலகையில் திருகுத்தண்டு பொருத்திய அமுக்கி ஒன்று வேண்டும். மூடியை அமுக்கி, ஆணிகளை எடுத்து, திருகை மெல்லத் தளர்த்தி, ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதும் போன பிறகே கையை விடுங்கள். முகம் எப்போதும் பக்கவாட்டில் இருக்கட்டும். அமுக்கி இல்லையென்றால் இந்த வேலையை ரைபிள் கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரரிடமோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையின் பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு அடைத்த பிஸ்டன் கொண்ட மாடலாக இருந்தால் அந்த உருளையைத் திறக்கவோ, துளைக்கவோ, சூடாக்கவோ கூடாது. மடக்குவது திடீரென்று லேசாகிவிட்டால் வாயு போய்விட்டது. முழு உருளையையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

திரும்ப மாட்டும்போது மாலிப்டினம் பேஸ்ட்டைப் பிஸ்டனின் பின்விளிம்பிலும் சீலின் பக்கவாட்டிலும் மட்டும் தடவுங்கள். விரலில் தொட்டு, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். சீலின் முகத்தில் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. ஸ்பிரிங்கில் கெட்டியான கிரீஸ், மெல்லிய பூச்சு.

## அறிகுறி: புகை, கருகல் நாற்றம், பட்டாசுச் சத்தம்

பிஸ்டன் பாயும்போது அதன் முன்னால் உள்ள காற்று ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. அங்கே எரியக்கூடிய எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜின் போலத் தீப்பிடிக்கும்.

லேசான புகையும் நாற்றமும் மட்டும்: கிட் மாற்றிய பின் 50 முதல் 100 முறை சுடும்வரை இது இயல்பு. மிச்ச எண்ணெய் எரிந்து அடங்கும். ஒன்றும் செய்யாமல் சுட்டுக்கொண்டே இருங்கள். குழலுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால், உலர்ந்த பருத்தித் துணித் துண்டைப் பின்வாய் வழியாக நூலில் கட்டி இழுங்கள், துணி சுத்தமாக வரும்வரை.

பட்டாசு போன்ற 'டப்' சத்தம், உதைப்பு அதிகம்: உடனே நிறுத்துங்கள். இது எரிவதையும் தாண்டிய வெடிப்பு. சீலை உருக்கும், ஸ்பிரிங்கை முறிக்கும். "இப்போ செம பவர்" என்று மகிழ்ந்து தொடர்பவர்கள் அடுத்த வாரம் மறுபடி கிட் வாங்குகிறார்கள். ஸ்பிரே எண்ணெய் உள்ளே போயிருந்தால் துடைத்துத் தீர்க்க முடியாது. பிரித்து, சிலிண்டரைக் கழுவித் துடைத்து, மறுபடி அளவாகத் தடவி மாட்ட வேண்டும்.

நூறு சூட்டுக்குப் பிறகும் புகை நிற்கவில்லை: ஸ்பிரிங்கில் அப்பிய கிரீஸ் அதிகம். ஒவ்வொரு சூட்டிலும் சீலைத் தாண்டி முன்னே தெறிக்கிறது. இதற்கும் பிரிப்பதுதான் வழி. சீலும் சிறியதாக இருக்கலாம், பம்ப் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

## அறிகுறி: குறி சிதறுகிறது

அதிகம் கேட்கப்படுவதும், தேவையில்லாமல் அதிகம் செலவழிக்கப்படுவதும் இதற்குத்தான். நிதானமாக, இதே வரிசையில் போங்கள். நடுவில் எதையும் தாண்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 10 மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, தாளைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தமான பெல்லட்டோடு சாதாரண மடக்கு ரைபிள் இந்தத் தூரத்தில் ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்க வேண்டும்.

முதலில் ஸ்குருக்கள். ரைபிளைப் பிடிக்கும் மரக்கட்டையின் முன்பக்கம் இரண்டு, டிரிகர் காப்பில் ஒன்றோ இரண்டோ. ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைப்பதால் இவை தளர்ந்துகொண்டே இருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால், மணிக்கட்டின் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். மரம் நசுங்கும் அளவுக்குப் போகக் கூடாது. அடிக்கடி தளர்ந்தால் ஸ்குருவையும் துளையையும் அசிட்டோனில் துடைத்து, நீல நிறத் திரெட் லாக்கர் (ஸ்குரு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, 24 மணி நேரம் காய விடுங்கள். சிவப்பு நிறம் வேண்டாம், பிறகு கழற்றச் சூடேற்ற வேண்டியிருக்கும். மரத்தில் ஸ்குருத் தலை பதிந்து குழி விழுந்திருந்தால் கிண்ண வாஷர் போடுங்கள்.

அடுத்தது பிடிப்பு. இந்த ரைபிளை இறுக்கிப் பிடித்தால் சிதறும். பெல்லட் குழலை விட்டுப் போகும் முன்பே உதைப்பு தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி உதைக்க விட வேண்டும். முன்னால் பிடிக்கும் கையை விரித்து, கட்டையை உள்ளங்கையில் படுக்க வையுங்கள். தோளில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மேசையில் சுடும்போது கட்டையை நேராக மரத்தின் மீதோ செங்கல் மீதோ வைக்காமல், மணல் பைக்கு மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் வையுங்கள். கையை இரண்டு அங்குலம் முன்னே பின்னே நகர்த்தினாலே குரூப், அதாவது தாளில் விழும் துளைகளின் கூட்டம், மாறுவதைப் பார்க்கலாம். சுருங்கும் இடம் கிடைத்ததும் கட்டையில் சாக்பீசால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்லட். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த பெல்லட் வேறு. நாலு வகையில் இருபது இருபதாகச் சுட்டால்தான் தெரியும். வகை மாற்றியதும் முதல் சில சூடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எஃகு உருண்டைகளைப் போடவே கூடாது. உள்வரிகளைச் சுரண்டிவிடும், கடினத் தடுப்பில் பட்டுத் திரும்பியும் வரும்.

ஸ்கோப் இருக்கிறதா? கழற்றி வைத்துவிட்டு, குழல் மீதுள்ள இரும்புக் குறியால் சுடுங்கள். குரூப் சுருங்கினால் கோளாறு ஸ்கோப்பில், அல்லது அதை ரைபிளில் உள்ள தடத்தோடு பிடிக்கும் மவுண்டில். மவுண்ட் பின்னால் நகர்ந்திருந்தால் தடத்தில் பளபளப்பான கீறல் இருக்கும். தடத்தையும் மவுண்டையும் அசிட்டோனில் துடைத்து, நிறுத்து ஆணியைத் துளையில் இறக்கி இறுக்குங்கள். துளை இல்லாத தடமானால் மவுண்டுக்குப் பின்னால் தனி நிறுத்துக் கட்டை போடலாம். சாதாரண ஸ்கோப் ஒரு பக்க உதைப்பைத்தான் தாங்கும். ஏர் ரைபிளின் இருபக்க உதைப்பில் உள்ளே கண்ணாடி தளர்ந்துவிடும். ஸ்கோப்பைக் காதருகே ஆட்டிச் சத்தம் வந்தால் அது போய்விட்டது.

இரும்புக் குறியிலும் சிதறுகிறதா? குழலை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். அசைந்தால் மூட்டுப் போல்ட் தளர்ந்திருக்கிறது. பூட்டு ஸ்குருவைத் தளர்த்தி, போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, பூட்டை மறுபடி இறுக்குங்கள். குழலை மடக்கி எங்கே விடுகிறோமோ அங்கேயே தன் எடையில் விழாமல் நிற்பதுதான் சரியான இறுக்கம். பூட்டு ஸ்குருவே இல்லாத ரிவெட் மூட்டாக இருந்தால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

துளைகள் செங்குத்தாக மட்டும் நீள்கின்றன என்றால் மூடும் பல்லைப் பாருங்கள். ஆப்பு வடிவில், ஸ்பிரிங்கோடு, குழலின் அடியில் இருக்கும். அதில் ஈயத் தூளும் காய்ந்த கிரீசும் அடைத்துக்கொண்டால் குழல் ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். ஓ-ரிங் உயரத்தையும் இதே நேரத்தில் பாருங்கள்.

முன்வாய் விளிம்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியை முன்வாயின் உள்விளிம்பில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஏதாவது ஓரிடத்தில் பஞ்சிழை சிக்கி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட் வெளியேறும் கடைசி நொடியில் அந்த ஒரு பிசிறு பக்கவாட்டில் காற்றை விட்டு அதைத் தள்ளிவிடும். சீராக்குவது லேத் வேலை. கையால் அரத்தைப் போட்டு அந்த விளிம்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

குறி மிக உயரத்தில் போய், பின்குறியை எவ்வளவு இறக்கியும் சரிப்படவில்லையா? குழல் திறந்திருக்கும்போது யாரோ டிரிகரை இழுத்திருக்கிறார்கள். படாரென்று மூடியதில் குழல் மேல்நோக்கி வளைந்துவிட்டது. மடக்கிய குழலின் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே தெரியும் ஒளி வளையங்கள் ஒரே மையத்தில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். நிமிர்த்துவது அனுபவமுள்ள பட்டறையின் வேலை. குழலைக் கல்லிடுக்கில் வைத்து வளைத்துப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி: முழுக்க மடக்கியும் கொக்கி விழவில்லை

கிட் மாற்றுவதற்கு முன் விழுந்து, மாற்றிய பிறகு விழவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பிஸ்டன் கொக்கியைத் தொடுவதற்கு முன்பே ஸ்பிரிங் கட்டையாகிவிடுகிறது. கணக்கு எளிது. 3 மி.மீ. கம்பியில் 30 சுற்று இருந்தால் முழுக்க அழுந்திய நீளம் 90 மி.மீ. பிஸ்டன் கொக்கியில் நிற்கும்போது ஸ்பிரிங்குக்கு மிஞ்சும் இடம் அதைவிடக் குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். கிட்டோடு வந்த வாஷர்களையெல்லாம் உள்ளே போட்டிருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். போதவில்லை என்றால் ஸ்பிரிங் தவறான அளவு, மாற்றி வாங்குங்கள். நெம்புகோல்போலக் குழலில் பைப் சொருகி இழுப்பவர்கள் குழலையும் பிஸ்டனையும் இணைக்கும் இணைப்புக் கையை வளைத்துவிடுகிறார்கள்.

கிட் எதுவும் மாற்றாதபோது விழவில்லை என்றால் டிரிகர் ஸ்குருவைப் பாருங்கள். இழுப்பை லேசாக்க அதை அதிகம் திருகியிருப்பார்கள். கால் சுற்றுக் கால் சுற்றாக, எண்ணிக்கொண்டே பின்னால் எடுங்கள். அதன் பிறகு அழுக்கு. காய்ந்த கிரீஸ் கொக்கியின் சிறு ஸ்பிரிங்கை ஒட்டிப் பிடித்திருக்கும். கட்டையைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் டிரிகர் பகுதியை மட்டும், முன்வாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடையுங்கள், அப்போதுதான் சிலிண்டருக்குள் எதுவும் வழியாது.

## அறிகுறி: தொடாமலே சுடுகிறது, மூடும்போதே சுடுகிறது

இதற்குச் சோதனையும் இல்லை, வீட்டு வைத்தியமும் இல்லை. ஒருமுறை நடந்தாலும் அந்த ரைபிளில் இனி பெல்லட் போடாதீர்கள். டிரிகர் ஸ்குருவை நீங்களே கடைசியாகத் திருகியிருந்தால், ஏற்றாத நிலையில் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதோடு உங்கள் வேலை முடிந்தது. கொக்கியின் முகம் தேய்ந்திருக்கும். அதை அரத்தால் தீட்டினால் மேற்பரப்பின் கடினத்தன்மை போய், சில நாளில் இன்னும் மோசமாகும். வெல்டு வைத்து நிரப்புவதும் அப்படித்தான். டிரிகர் தொகுதியை முழுதாக மாற்ற வேண்டும், அதையும் ஆர்மரர் செய்ய வேண்டும். கொண்டுபோகும்போது "எப்போதாவது நழுவுகிறது" என்று தெளிவாகச் சொல்லி, ஒரு சீட்டில் எழுதி ரைபிளிலேயே கட்டி விடுங்கள்.

## அறிகுறி: சத்தங்கள்

மடக்கும்போது கரகரவென்றால் இணைப்புக் கை உரசும் இடத்தில் கிரீஸ் இல்லை. மூட்டிலும் கையின் நுனியிலும் ஒரு பொட்டு மாலிப்டினம் வையுங்கள். அதற்கும் நிற்காமல் நொறுநொறுத்தால் ஸ்பிரிங் முறிவை நினையுங்கள். சுட்டதும் தம்புராபோல டொய்ங் என்று நீண்டால் ஸ்பிரிங்குக்கும் கைடுக்கும் இடையே இடைவெளி அதிகம். சக்தியைப் பாதிக்காது. தொந்தரவாக இருந்தால் அடுத்தமுறை பிரிக்கும்போது இறுக்கமான கைடு போட்டுக்கொள்ளலாம்.

## அறிகுறி: பெல்லட் குழலுக்குள் நின்றுவிட்டது

இன்னொரு பெல்லட்டை வைத்துச் சுட்டுத் தள்ள முயலாதீர்கள், இரண்டாகச் சிக்கும். ஸ்பிரிங் ஏற்றாத நிலையில் குழலை மடக்கி, 4 மி.மீ. பித்தளைக் கம்பியோ வழவழப்பான மரக்குச்சியோ எடுத்து, முன்வாயிலிருந்து பின்வாய்ப் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். கம்பியின் நடுவில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் குழலின் சுவரில் உரசாது. வந்துவிழுந்த பெல்லட்டைப் பாருங்கள். பாவாடை முழுசாக இருந்தால் சக்திதான் போதவில்லை, மேலே சொன்ன முதல் அறிகுறிக்குப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் வழிக்கப்பட்டிருந்தால் குழலுக்குள் ஈயம் படிந்திருக்கிறது. துணி இழுப்பானால் பின்வாயிலிருந்து இருபது தடவை இழுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம்.

## அறிகுறி: துரு

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கைவியர்வை பட்ட இடத்தில் இரண்டே நாளில் செம்பழுப்புப் புள்ளி தெரியும். சுட்டு முடித்ததும் வெளி உலோகம் முழுவதையும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். எண்ணெய் துணியில்தான் படலாம், ரைபிள் மீது ஸ்பிரே அடிக்கக் கூடாது, மூட்டு வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். புள்ளி விழுந்துவிட்டால் மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேயுங்கள். கருநீலப் பூச்சு கொஞ்சம் வெளுக்கும், துரு மேலே பரவாது. பஞ்சு அடைத்த உறையிலும் தோல் உறையிலும் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாதபடி, பெல்லட் டப்பாவை வேறிடத்தில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு, ஸ்பிரிங் இறக்கிய நிலையில் நிறுத்தி வையுங்கள்.